பூட்டுக்காரர் மனைவியின் தாழ்ப்பாள்

வெளியே விசில் சத்தம் கேட்டது. ஏதோ பழைய மெட்டு. அவசரமே இல்லாத விசில்.

குளியலறைக்குள் அவள் பிள்ளைகள் இரண்டையும் சுவரோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. வாளியைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். சின்னவன் வாயைப் பெரியவள் கையால் பொத்தியிருந்தாள்.

"என்கிட்டயே பூட்டா?" என்று கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. "கொல்லன் வீட்டுல ஊசி விக்கிறியேடி!"

கதவு இடுக்கில் மெல்லிய தகடு ஒன்று நுழைந்தது. பாம்பு நாக்கைப் போல மேலும் கீழும் தடவிப் பார்த்தது. டிக். தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. வாளி உருண்டது. அடுத்த நொடி அவள் தலைமுடி அவர் கையில் இருந்தது. அவள் முகம் குழாயில் மோதியது. குழாய் திறந்துகொண்டது. சிவப்பாக ஓடிய தண்ணீரைப் பார்த்துச் சின்னவன் அலறினான்.

ஊரில் அவருக்கு எவ்வளவு நல்ல பெயர் தெரியுமா? பூட்டுக்காரர் என்றால் தெருவே எழுந்து நிற்கும். குழந்தையை உள்ளே வைத்துக் கதவு சாத்திக்கொண்டதா, கூப்பிடு பூட்டுக்காரரை. கிழவர் ஒருவர் உள்ளே மயங்கி விழுந்துவிட்டாரா, ஓடு பூட்டுக்காரரிடம். கதவில் ஒரு கீறல் விழாமல் திறந்து கொடுப்பார். காசு நீட்டினால் பாதி நேரம் வாங்கவும் மாட்டார். "தங்கமான மனுஷன், நீ கொடுத்து வெச்சவம்மா" என்று பெண்கள் அவளிடம் சொல்வார்கள். அவள் சிரிப்பாள். சிரிக்கும்போது உதட்டில் தையல் போட்ட இடம் இழுக்கும்.

அவளும் ஒரு காலத்தில் அந்தக் கைகளில் மயங்கியவள்தான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மாற்றுத் துணி வைக்கும் அலமாரியின் பூட்டு இறுகிவிட்டது. பூட்டைத் திறக்க வந்த இளைஞன் கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் கேட்டுக்கேட்டுத் திறந்தான். "என் கைக்குத் திறக்காத பூட்டே கிடையாது" என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான். அந்த வயதில் அது காதல் வசனமாகக் கேட்டது. அது ஒரு மிரட்டல் என்று புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு கல்யாணமும் இரண்டு பிரசவமும் தேவைப்பட்டன.

சலவைக்கூடத்தில் யாரையும் ஏமாற்ற முடியாது. அங்கே வருவதெல்லாம் அறுவை சிகிச்சைத் துணிகளும் பிரசவ அறை விரிப்புகளும்தான். எது மருந்துக் கறை, எது ரத்தக் கறை என்று மூக்காலேயே சொல்லிவிடுவார்கள். அவளுடைய மேலாளர், எல்லோரும் மேஸ்திரி அக்கா என்று கூப்பிடும் பருமனான பெண்மணி, ஒரு நாள் அவள் வேலைச் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பினாள்.

"இது என்னடி?"

"குழம்புக் கறைக்கா."

"முப்பது வருஷமா நான் துவைக்கிற ரத்தத்தை என்கிட்டயே குழம்புன்னு சொல்றியா? பச்சைத் தண்ணியில ஊறப்போடு. சுடுதண்ணி ஊத்தினா கறை பிடிச்சுக்கும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீயும் அப்படித்தான் பிடிச்சுப்போய் கிடக்கே" என்றாள்.

அவள் காலரை இழுத்து மூடிக்கொண்டாள். பொறுத்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு அப்பா வேண்டும் என்று பொறுத்துக்கொண்டாள். எத்தனை பெண்கள் இந்த ஒரு வார்த்தையால் தங்களைத் தாங்களே புதைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

பொறுமை உடைந்த நாள் ஒன்று வந்தது. அன்று அவர் அவளை அடித்துக்கொண்டிருந்தபோது பெரியவள் குறுக்கே பாய்ந்து, அம்மாவை அடுத்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தப் போனாள். கதவின் விளிம்பில் பிள்ளையின் கை இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கதவை உதைத்தார்.

பெரியவள் கத்தவில்லை. அதுதான் தாயைக் கொன்றது. அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு, நசுங்கிய விரல்களைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, என் தப்புதான்" என்றது.

அம்மா பேசுகிற அதே வார்த்தை. அதே குரல்.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போனதும், அவள் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பையோடும் மருத்துவமனைக்கு வந்தாள். மருத்துவர் பெரியவளின் விரல்களுக்குக் கட்டுப் போட்டார். மேஸ்திரி அக்கா சலவைத் துணி மூட்டைகளுக்கு நடுவில் பிள்ளைகளை உட்கார வைத்து பிஸ்கட் கொடுத்தாள்.

"நேரா உன் அக்கா ஊருக்குப் பஸ் ஏறு. திரும்பிப் பார்க்காதே" என்றாள்.

ஆனால் அந்த மத்தியானமே மேஸ்திரி அக்கா அவளைக் கூட்டிப்போய்க் காட்டிய வக்கீலம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். குட்டையான மனுஷி. எப்போதும் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அதையே தேடிக்கொண்டிருப்பார்.

"ஓடினா அவர் போலீசுக்குப் போவார். புள்ளைகளைக் கடத்திட்டாள்னு எழுதிக் கொடுப்பார். ஊரே அவருக்குச் சாட்சி சொல்லும். அப்புறம் புள்ளைங்க அவர்கிட்டயே திரும்பிப் போற நிலைமை கூட வரலாம். என் கண்ணாடி எங்கம்மா?"

"உங்க தலையிலங்க."

"ஆங். நாம வாசல் வழியாப் போவோம். ஜன்னல் வழியா வேண்டாம். முதல்ல அவர் உங்க கிட்ட வரக்கூடாதுன்னு உத்தரவு வாங்குவோம். அப்புறம் புள்ளைகளோட அக்கா ஊருக்குக் குடிபோக கோர்ட்டுகிட்டயே அனுமதி கேட்போம். நேரம் ஆகும். தாங்குவீங்களா?"

அவள் பெரியவளின் கட்டைப் பார்த்தாள். "தாங்குறேங்க."

முதல் உத்தரவு சீக்கிரம் கிடைத்தது. பூட்டுக்காரர் அவள் இருக்கும் இடத்துக்கு வரக்கூடாது. வழக்கு முடியும்வரை பிள்ளைகள் அவளிடம் இருக்கலாம், ஆனால் ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. மேஸ்திரி அக்கா தெரிந்த இடத்தில் மாடியில் ஒரே ஓர் அறை பிடித்துக் கொடுத்தாள்.

அந்த அறைக் கதவின் பூட்டு ஒரு சண்டிக்குதிரை. கதவைத் தோளால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாவியைப் பாதி திருப்பி, மூச்சைப் பிடித்து மீதியைத் திருப்ப வேண்டும். "மாத்திக் கொடுங்கம்மா" என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டாள். "தூக்கித் திருப்பினா திறக்குதில்ல? அதோட மனசு புரிஞ்சு நடந்துக்கோ" என்றுவிட்டு அந்த அம்மாள் டீவி பார்க்கப் போய்விட்டார். சின்னவனுக்கு அது விளையாட்டு. "கதவுக்கு விக்கல்மா" என்பான். பெரியவள் நல்ல கையால் சாவியைப் பிடித்துத் தோளைக் கொடுத்துத் திறக்கப் பழகிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சுலபத்தில் திறக்காத ஒரு கதவுக்குப் பின்னால் அவர்கள் தூங்கினார்கள்.

ஒரு நாள் அவளுக்குக் காலை வேலை. மத்தியானம் திரும்பினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். சாவியை நுழைத்தாள். தோளைக் கதவில் கொடுக்கப் போனாள்.

தோள் கொடுக்கும் முன்பே சாவி சுற்றியது. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல.

அவள் கை சாவியிலேயே நின்றது. அந்த மென்மை யாருடைய கைவேலை என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் நல்லது செய்யத் தெரியாத மனுஷன்தான். ஆனால் கெட்டுப்போன பூட்டு ஒன்றைத் தொட்டுவிட்டு அப்படியே விட்டுப் போக அவரால் முடியாது. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிடாமல் எழுந்து கதவைப் பிரித்துப் போட்டவர். சினிமாக் கொட்டகையில் படத்தை விட்டுவிட்டு நாற்காலியின் ஆணியை முடுக்கியவர்.

ஓடுவதற்குள் உள்ளிருந்து கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. கதவு சாத்திக்கொண்டது; தாழ்ப்பாள் விழுந்தது.

"வாம்மா வா. எப்படி இருக்கு உன் கோட்டை?"

அவள் மடித்து அடுக்கியிருந்த துணியெல்லாம் தரையில் கிடந்தது. அவர் சின்னவன் கட்டிலில் போய் உட்கார்ந்தார். ஈரத் துண்டு ஒன்றைக் கையைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார். நிதானமாக, தொழில் செய்கிறவர் கையுறை போடுவதைப் போல.

"உங்களுக்கு உத்தரவு இருக்குங்க. வரக்கூடாது."

"யாரு வந்தா? பூட்டு உடைஞ்சிருக்கா? கதவுல கீறல் இருக்கா? போய்ச் சொல்லு. நீதான் திறந்து விட்டேன்னு சொல்லுவாங்க."

முதல் அடி விலாவில் விழுந்தது. ஈரத்துணி சத்தத்தை விழுங்கிவிட்டது. இரண்டாவதில் அவளுக்குள் ஏதோ சுள்ளி ஒடிவது போல ஒடிந்தது. அவள் விழுந்தாள். அவர் காலால் புரட்டினார். தலையணையை எடுத்து முகத்தில் வைத்து முழங்காலால் அழுத்தினார். உலகம் இருண்டது. அந்த இருட்டில் அவள் தன் பிள்ளைகளின் முகத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஐயோ, சாகிற நேரத்தில் கூட அந்த முகங்கள் தெரியக் கூடாதா என்று நெஞ்சு கதறியது. அப்போது முழங்கால் விலகியது.

"இன்னிக்கு இவ்வளவு போதும். அந்த மனுவை வாபஸ் வாங்கு. நீ எந்த ஊருக்குப் போனாலும் அங்கேயும் கதவுதானே இருக்கும்?"

போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். சாவித் துளையையும் கைப்பிடியையும் அதே ஈரத் துண்டால் ஒரு முறை துடைத்துவிட்டுப் போனார்.

காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் வந்து பார்த்த அதிகாரி கதவைத் தடவினார், உதட்டைப் பிதுக்கினார். "உடைச்ச மாதிரியே இல்லியேம்மா. நீங்களே திறந்து விட்டீங்களா? சமாதானம் பேச வந்தாரா?" கடைத்தெருவில் விசாரித்தார்கள். பக்கத்து டீக்கடைக்காரர் கைமேல் அடித்துச் சொன்னார்: "நாள் பூரா கடை திறந்துதாங்க இருந்தது. பூட்டுக்காரரா? எறும்பை மிதிச்சா கூட வருத்தப்படுற ஆளு." கடை திறந்திருந்தது உண்மை. உள்ளே ஆள் இருந்தாரா என்று எட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஒடிந்த விலா எலும்புக்கும் அவருடைய வக்கீல் ஒரு பதில் வைத்திருந்தார். சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தின் கைப்பிடி இடித்திருக்கும். கோபக்காரப் பெண், பிள்ளைகளை அப்பாவிடமிருந்து பிரிக்கத் துடிக்கிற பெண், கதை கட்டுகிறாள்.

வக்கீலம்மா முதல்முறையாகச் சோர்ந்து உட்கார்ந்தார். "அவர் உத்தரவை மீறினார்னு நிரூபிக்கலேன்னா ஊர் மாத்துற அனுமதி கஷ்டம்மா. அப்பா பார்க்கணும், புள்ளைங்க பக்கத்துலயே இருக்கட்டும்னு சொல்லிடுவாங்க."

விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "அந்தப் பூட்டை வீட்டுக்காரம்மா முன்னாலயே தச்சரை விட்டுக் கழட்டி வெச்சிருக்கேங்க. அப்படியே இருக்கு. யாரும் பிரிக்கல" என்றாள்.

"அதுல என்ன தெரியும்? கைரேகையைக் கூடத் துடைச்சிட்டுப் போயிருக்கார்."

"ரேகை இருக்காது. கை இருக்கும். அவரை நான் அடிச்சாக் கூடத் தாங்கிக்குவார். அவர் வேலையை யாராவது மட்டமாச் சொன்னா தாங்கமாட்டார். அந்தப் பூட்டுல செஞ்ச வேலை நல்லாயில்லன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிப் பாருங்க."

வக்கீலம்மா தலையிலிருந்த கண்ணாடியைத் தானே எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டார்.

வழக்கு நாள். பூட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில் கூண்டில் ஏறினார். குரல் தழுதழுத்தது. "என் புள்ளைங்களைப் பார்க்காம நான் செத்துக்கிட்டிருக்கேன் ஐயா" என்றார். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவளுக்கே ஒரு கணம் இரக்கம் வந்தது. அவ்வளவு நன்றாக அழுதார்.

வக்கீலம்மா எழுந்தார்.

"அவங்க குடியிருக்கிற மாடி அறைக்கு நீங்க போயிருக்கீங்களா?"

"வாசப்படியைக் கூட மிதிச்சதில்லீங்க."

"இந்தப் பூட்டு?" துணிப்பையிலிருந்து பூட்டை எடுத்து நீட்டினார்.

"இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

"நீங்க தொழில் தெரிஞ்சவர். திருப்பிப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் வாங்கினார். சாவியைப் போட்டுத் திருப்பினார். அந்த விரல்கள்! எவ்வளவு பதமாக, எவ்வளவு அன்பாக அந்த இரும்பைத் தொட்டன! அவள் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருடத்தில் ஒருநாள் கூட அந்தக் கை தன்னை அப்படித் தொட்டதில்லை.

"நல்லா வேலை செய்யுது" என்றார்.

"நல்லாவா? யாரோ கத்துக்குட்டி கை வெச்ச மாதிரி இல்லையா? மேலாப்பல எண்ணெயைத் தடவி ஒப்பேத்தின வேலைதானே?"

அவருடைய வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். பூட்டுக்காரர் அவரைக் கையால் உட்கார வைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"தெரியாம பேசாதீங்கம்மா. எண்ணெய் விட்டா தூசி பிடிக்கும், எண்ணெய் விடுறவன் கத்துக்குட்டி. இதுல பென்சில் தூள் போட்டிருக்கு. உள்ள ரெண்டாவது ஸ்பிரிங் நசுங்கிக் கிடந்தது, அதை எடுத்துட்டுப் புதுசு போட்டிருக்கு. கதவைத் தோளால தூக்கினாத்தான் திறக்கும்கிற நிலைமையில இருந்த பூட்டு இது. இந்த ஊர்ல இந்த வேலையை வேற எவன் செய்வான்?"

வக்கீலம்மா நீதிபதியைத் திரும்பிப் பார்த்தார்.

நீதிபதி மெதுவாக முன்னால் சாய்ந்தார். "பூட்டு உங்க கையில இருக்கு. கதவு இங்க இல்லையே. தோளால தூக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

பூட்டுக்காரர் பூட்டை இறுகப் பிடித்தார். நீதிபதி பூட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி நீதிமன்ற ஊழியரிடம் கொடுக்கும்படி கையை நீட்டினார். பூட்டுக்காரர் கொடுக்கவில்லை. அவர் பார்வை கூண்டைத் தாண்டி அவள்மேல் வந்து நின்றது. அவளுக்கு அந்தப் பார்வை தெரியும். பெரியவளின் கையைப் பார்த்த அதே பார்வை.

"நீதான்டி சொல்லிக் கொடுத்தே!"

பூட்டு பறந்து வந்தது. அவள் புருவத்துக்கு மேல் விழுந்தது. எலும்பில் இரும்பு மோதிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அதற்குள் அவர் கூண்டைத் தாண்டிக் குதித்துவிட்டார். மேசை கவிழ்ந்தது. வக்கீலம்மாவைத் தோளில் இடித்துத் தள்ளிவிட்டு அவள் கழுத்தைப் பிடித்தார். காவலர்கள் இருவர் அவரை இழுக்க, இழுக்க, அவர் விரல்கள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ரத்தம் அவள் கண்ணை மறைத்தது. சலவைக்கூடத்திலிருந்து சாட்சி சொல்ல வந்திருந்த மேஸ்திரி அக்கா, கையிலிருந்த குடையால் அவர் முதுகில் போட்ட போட்டில் குடைக்கம்பி வளைந்தது.

அவள் விழவில்லை. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருமினாள். அவளைப் பார்த்தவர்கள் பயந்துபோனார்கள், ஏனென்றால் அந்த ரத்தத்துக்கு நடுவே அவள் முகம் அழவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அவர் சாட்சிகளுக்கு முன்னால் அடித்திருக்கிறார்.

தரையில் உருண்டு கிடந்த பூட்டை ஊழியர் எடுத்துப் போனார். பிரித்தபோது, கறுத்துப் போன சின்ன ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் இரண்டாவது மட்டும் புதுப் பல் போலப் பளபளத்தது.

அவர் சிறைக்குப் போனார். பிள்ளைகளோடு குடிபெயர அவளுக்கு அனுமதி கிடைத்தது. புது முகவரி அவருக்குத் தெரிவிக்கப்படாது என்றும் நீதிபதி சொன்னார். "வாசல் வழியாப் போறோம்" என்று வக்கீலம்மா பேருந்து நிலையத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரி அக்கா அவள் நெற்றிக் கட்டை ஒரு முறை தொட்டுப் பார்த்து, "பச்சைத் தண்ணிதான், ஞாபகம் வெச்சுக்கோ" என்றுவிட்டு வேகமாகத் திரும்பிப் போனாள். முதுகு குலுங்கியது தெரிந்தது.

அக்கா ஊரிலும் ஒரு மருத்துவமனை, ஒரு சலவைக்கூடம். அங்கேயும் ரத்தத்துணிதான். பழகிய வேலை.

புது வீட்டின் குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்த ஒன்று. நகர்த்தினால் பூனையின் வாலை மிதித்தது போலக் கத்தும். அக்காவின் கணவர் எண்ணெய்ப் புட்டியோடு வந்தார்.

"தெருவே எழுந்து உட்காருதும்மா. ரெண்டு சொட்டு விட்டா வாயை மூடிக்கும்."

"வேண்டாம் மாமா" என்றாள் அவள், கொஞ்சம் அவசரமாகவே. "கத்தட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். நெற்றித் தழும்பைப் பார்த்தார். புட்டியை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி, நானும் எங்க வீட்டுல குறட்டை விடுறவன்தான். சத்தம் இருந்தாத்தான் உங்க அக்காவுக்கும் தூக்கம் வரும்" என்றார்.

அடுப்படியில் சின்னவன் குளிர்பெட்டிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். எந்தக் கதவானாலும் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று அவன் அக்கா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"உள்ள பால்தான்டா இருக்கு" என்றாள் பெரியவள். "அதுக்கும் கேட்கணுமா?"

"கேட்டா என்னவாம்?" என்றான் அவன், மறுபடி தட்டிவிட்டு.

பெரியவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். மூன்று விரல்கள் இன்னும் நேராகவில்லை. அந்த விரல்களாலேயே தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். கிரீச்சென்று அது வீடு முழுக்க அலறியது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு முணுமுணுப்பு. அந்தப் பிள்ளை பாடுகிறாள்.

அம்மா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து விரிப்புகளை மடிக்கத் தொடங்கினாள். தண்ணீர் தீர்ந்துபோகும், சீக்கிரம் வா என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அந்தத் தாழ்ப்பாள் மறுபடி எப்போது கத்துமோ, அது அவள் மகள் விருப்பம்.